அக்கா வைத்த குடில்கள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆனி மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதச் சொல்லி அத்தானும் மகள் ரீட்டாவும் கேட்டபோது, "எனக்கு இன்சூரன்ஸ் பாரம்தான் எழுதத் தெரியும்" என்றேன். "மாமா, நீங்க அதே மாதிரி எழுதுங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றாள் ரீட்டா. அப்படியே எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில், வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் அப்பாவுக்கு அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான். அக்கா பஞ்சர் பார்த்த பழைய டியூபை வெட்டி யானை, மயில், தேர் என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார். அப்பாவுக்கு அதில் பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவார். ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அவர் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா நெஞ்சுச் சளியில் படுத்து, மூன்று மாதத்தில் போய்விட்டார். அம்மா நடவு வேலைக்குப் போக ஆரம்பித்தார். சீக்கிரம் வேலை கிடைக்கும் படிப்பு எது என்று பள்ளிக்கூடத்தில் விசாரித்த அக்கா, எக்ஸ்ரே எடுக்கும் பயிற்சியில் சேர்ந்தார். படித்து முடித்ததும் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. என்னைப் படிக்க வைத்தது அந்த வேலைதான்.

பல வருடம் கழித்து ஒருமுறை கேட்டேன், "ஓவியக் கல்லூரிக்குப் போயிருந்தா நல்லா இருந்திருக்குமாக்கா?"

"போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். போகாததாலயும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார்.

எங்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பது இளைஞர் சபையின் வேலை. அக்காவுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்போது ஒரு மார்கழியில் சபைக்குள் சண்டை வந்து, குடில் வைக்க யாரும் வரவில்லை. திருப்பலி முடிந்ததும் அப்போதைய பங்குத்தந்தை, "இந்த வருஷம் பாலன் எங்க பிறக்கப் போறார்னே தெரியல" என்று பீடத்தில் நின்று சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து, "நான் வைக்கிறேன் ஃபாதர்" என்றார். கோவிலே திரும்பிப் பார்த்தது. அதுவரை எங்கள் ஊரில் பெண்கள் குடிலுக்கு வைக்கோல் சுமந்ததுண்டு, குடில் வைத்ததில்லை.

அந்த முதல் குடிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வைக்கோல் கூரை, மாடு, கழுதை, மூன்று ராஜாக்கள். கும்பிட வந்த ஒரு பாட்டி, "போன வருஷம் மாதிரியே இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டு அக்காவை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. "கண்ணைத் திறந்து பாத்தாங்களா, மூடிக்கிட்டே கும்பிட்டாங்களான்னு தெரியலயே தம்பி" என்றார்.

பொங்கல் கழிந்தது. சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தினமும் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் வேலைக்குப் போகும் அக்கா, ஒரு நாள் ஜன்னல் வழியாக அவர்களுடைய கூடாரத்தைப் பார்த்தார். நீல பிளாஸ்டிக் தாளை நான்கு கம்பில் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் வலை. வலைக்குள் நூற்றுக்கணக்கில் வாத்துகள். வாத்துக்குஞ்சு சுமந்து வரும் பெரிய மூங்கில் கூடை ஒன்றில் பழைய சேலையை மடித்துப் போட்டு ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். பஸ் நிற்கவில்லை. பார்த்தது இரண்டு நொடிதான் இருக்கும்.

அதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. மார்கழி வந்ததும் கோவிலுக்குள் நீல பிளாஸ்டிக் தாளைக் கட்டினார். கதிர் அறுத்த அடித்தாள் நட்ட வயல், வலை, மூங்கில் கூடை, கூடைக்குள் பாலன். பக்கத்து ஊரிலிருந்து உயிருள்ள இரண்டு வாத்துக்குஞ்சுகளையும் வாங்கி விட்டார். கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் பங்குத்தந்தை பிரசங்கம் ஆரம்பித்ததும் அவை கத்த ஆரம்பித்தன. அவர் சிரித்துவிட்டு, "அவங்க சொல்றதையும் கேப்போம்" என்று சற்று நேரம் பேசாமல் நின்றார். அன்று மாலை வரை குடில் முன்னால் கூட்டம் குறையவில்லை. "நம்ம வயலுக்கு வர்ற வாத்துக்காரங்கடா!" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

அதிலிருந்து குடில் அக்காவின் பொறுப்பாயிற்று. திருமணமாகி அதே ஊரிலேயே அத்தான் வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்தது. அத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். "வீடு முழுக்க மூங்கிலும் சாக்கும் களிமண்ணும். இதுல நான் எங்கம்மா படுக்கிறது?" என்பார். சொல்லிக்கொண்டே சாக்கைத் தைத்துக் கொடுப்பார்.

எங்கிருந்து யோசனை வருகிறது என்று பலரும் அக்காவைக் கேட்டதுண்டு. அவர் சொன்னது இதுதான்: "உக்காந்து யோசிச்சா ஒண்ணும் வராது. வேலைக்குப் போகும்போது, வரும்போது ஏதாவது கண்ணுல படும். அதை நான் பிடிச்சு வைக்க மாட்டேன். மார்கழி வரைக்கும் தானா நினைவுல இருந்துச்சுன்னா அது நல்லது. மறந்து போச்சுன்னா போகட்டும்." போகும்போது வலப்பக்க ஜன்னல், வரும்போதும் வலப்பக்க ஜன்னல். அப்படி உட்கார்ந்தால் சாலையின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று நூறு பேரிடமாவது சொல்லுவார். சலிப்பாக இல்லையா என்று கேட்டால், "ஒவ்வொருத்தரும் மூச்சைப் பிடிக்கிற முகம் வேற வேற" என்பார். சரியாக விழாமல் ஒதுக்கிய பிலிம்களை வாங்கி வந்து, சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுவார். படம் கரைந்துபோய் இளநீலக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை வெட்டி ஒட்டி, உள்ளே பல்பு வைத்து நட்சத்திரம் செய்வார். எங்கள் ஊரில் மட்டும் நட்சத்திரம் ஏன் நீலமாக இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் நல்லபடியாகப் போனது. பிறகு ஒரு வருடம் அக்கா ஆஸ்பத்திரி நடையைக் குடிலாக வைத்தார்.

பிரசவ வார்டுக்கு வெளியே நீளமாகப் போகும் நடையில் பாய் விரித்து, நாள் கணக்கில் காத்துக் கிடக்கும் குடும்பங்களை அவர் தினமும் தாண்டித்தான் எக்ஸ்ரே அறைக்குப் போக வேண்டும். அதை அப்படியே செய்தார். பாதி பச்சை, பாதி வெள்ளை அடித்த சுவர். கம்பி ஜன்னலில் காயும் லுங்கி. கோரைப்பாய், ஒயர் கூடை, பிளாஸ்க், டிபன் கேரியர். மாதாவும் சூசையப்பரும் பாயின் மேல். மடித்த சேலையில் பாலன். மேலே சிறிய பலகையில் "பிரசவ வார்டு" என்று எழுதியிருந்தார்.

அப்போது கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப்பேரவையின் துணைத்தலைவராக இருந்தவர் சவரிமுத்து அண்ணன். ஊரில் நல்ல விவசாயி, கண்டிப்பானவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில் குடிலைப் பார்த்துவிட்டு நேராக அக்காவிடம் வந்தார். நானும் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"என்னம்மா இது? மாதாவைக் கொண்டு போயி ஆஸ்பத்திரி நடையில உக்கார வச்சிருக்க? தலைக்கு மேல லுங்கி காயுது!"

"மாட்டுக் கொட்டகையில வச்சா மட்டும் சரிங்களாண்ணே?"

"அது வேதத்துல இருக்கு. இது எதுல இருக்கு?"

"நான் தெனம் பாக்குறேண்ணே" என்றார் அக்கா.

பேச்சு வளர்ந்தது. பேரவையினர் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பங்குத்தந்தை புதியவர், சங்கடப்பட்டுக்கொண்டு, "கொஞ்சம் மாத்தி வச்சிடலாமாம்மா?" என்று கேட்டார். அக்கா தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார். பகல் பன்னிரண்டு மணிக்குள் பழைய வைக்கோல் குடில் அந்த இடத்தில் நின்றது. ஒயர் கூடையையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த இரண்டு வருடம் பேரவை டவுனிலிருந்து ஆள் வரவழைத்துத் தெர்மாகோலில் குடில் வைத்தது. பளபளவென்று இருந்தது. அக்கா தினமும் மாலையில் போய் மற்றவர்களைப் போலவே அந்தக் குடிலின் முன் முழந்தாளிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"உனக்குக் கோபமே இல்லையாக்கா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு. அதுக்காகக் குழந்தையைப் பாக்காம இருக்க முடியுமா?"

"இனிமே உன்னைக் கூப்பிட மாட்டாங்க. எதுக்கு இன்னும் ஜன்னலோரமா உக்காந்து பாத்துக்கிட்டு வர்ற?"

"பின்ன, கண்ணை மூடிக்கிட்டா போறது? கோவில்ல இடம் இல்லைன்னா வீட்டுல வைக்கிறேன். யாரு வேணாம்பா?"

சொன்னபடியே வீட்டில் வைத்தார். விரலளவு சுரூபங்களை வாங்கி, டிவி மேஜையின் ஒரு மூலையில் குடில். முதல் வருடம், கோவிலில் பிரித்த அதே ஆஸ்பத்திரி நடை. இரண்டாம் வருடம், மழைக்கு ஒரே குடைக்குள் ஏழு பேர் ஒதுங்கிய பஸ் நிறுத்தம். அதைப் பார்த்தது அத்தான், ரீட்டா, என் குடும்பம், பால்காரர். அவ்வளவுதான். ஆனால் கோவில் குடிலுக்குச் செலுத்திய கவனத்தில் ஒரு துளியும் குறையவில்லை. நகம் அளவுக்கு ஒரு டிபன் கேரியர் செய்ய இரண்டு மாலை எடுத்துக்கொண்டார் என்று அத்தான் சொல்வார்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் சவரிமுத்து அண்ணனின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். படம் எடுத்தது அக்காதான். வலி தெரியாமல் எப்படித் திருப்பிப் படுக்க வைத்தார் என்று அந்த அண்ணி இன்றைக்கும் சொல்வார். பெண்கள் வார்டுக்குள் இரவில் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் சவரிமுத்து அண்ணன் ஒன்பது நாள் நடையிலேயே படுத்திருந்தார். இரண்டாம் நாள் காலை வேலைக்கு வந்த அக்கா அவரைப் பார்த்தார். விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க். ஜன்னல் கம்பியில் அவருடைய லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, தன் பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்.

அவர் வாங்கிக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் வைத்திருந்தாராம். பிறகு, "நீ செஞ்சு வச்சது இந்த எடந்தானாம்மா?" என்று கேட்டார்.

"அது அடுத்த கட்டடம்ணே. ஆனா நடை எல்லாம் ஒண்ணுதான்."

மார்கழி பிறந்ததும் ஒரு காலையில் அக்கா வீட்டு வாசலில் டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் மூங்கில். சவரிமுத்து அண்ணன் இறங்கி, "இந்த வருஷம் என்ன வைக்கப் போற? இது போதுமா, இன்னும் வெட்டணுமா?" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. "நெல்லு வேணும்ணே, அரை மூட்டை. தார்ப்பாயும் வேணும்" என்றார்.

அந்த வருடம் குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்த நெல்லைத் தார்ப்பாயால் மூடி, குடும்பத்தோடு காவல் கிடந்தவர்களை அக்கா பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தார். நெல் குவியலின் பக்கத்தில், தார்ப்பாயின் ஒரு மடிப்புக்குள், பாலன். குடிலைப் பார்த்த சவரிமுத்து அண்ணன், "நான் அங்க பதினோரு நாள் கெடந்தேன்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அக்கா பணி ஓய்வு பெற்றபோது நாங்கள் எல்லோரும் நினைத்தது, இனி குடில் எப்படி இருக்கப் போகிறது பார் என்றுதான். அவரும் அப்படித்தான் நினைத்தார். பெரிய தாள், கலர் பென்சில் எல்லாம் வாங்கி வைத்தார். காலையில் சமையலை முடித்துவிட்டு மேஜை முன்னால் உட்காருவார். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஐப்பசியும் வந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

போனில் அழுகிற குரலில் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷமா நேரம் இல்ல, நேரம் இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப நேரம் மட்டுந்தான் தம்பி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. வறண்டு போச்சு."

"இத்தனை வருஷம் வச்சது போதாதா? விட்டுடேன்" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு, வேலைக்குப் போகும்போது கட்டுவது மாதிரியே சேலை கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இப்போது கட்டணம் இல்லை. வலப்பக்க ஜன்னல். கண்டக்டருக்கு அவரைத் தெரியும்.

"என்னம்மா, ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க. எங்க போறீங்க?"

"கடைசி ஸ்டாப்புக்கு."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லப்பா. போயிட்டு இதே வண்டியில திரும்பி வந்துடுவேன்."

கண்டக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்ததாக அக்கா சொல்லிச் சிரிப்பார். திங்களும் வியாழனும் இது வழக்கமாயிற்று. சில நாள் வேறு பஸ் ஏறித் திருவையாறு வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். "வீட்டுல இருந்தா நான் என்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பஸ்ல ஏறினா மத்தவங்களைப் பாக்குறேன்" என்றார்.

மூன்றாவது வாரம் கூட்டமான ஒரு பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். உட்கார்ந்திருந்த ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஆறு பேர் கை மாறிக் குழந்தை ஜன்னலோர இருக்கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தாய் உள்ளேயே வந்தாள். கணவன் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி, விரலிடுக்கில் ஒரு டிக்கெட்டோடு நின்றிருந்தான்.

அந்த வருடம் கோவிலில் டவுன் பஸ் வந்து நின்றது. பச்சை ரெக்சின் தைத்த இருக்கைகள். ஜன்னலோரம் மாதா. முன் இருக்கையில் இருந்து திரும்பி, பாலனை மடியில் வாங்கியிருக்கும் ஒரு நடவுக்காரப் பெண்; களிமண்ணில் அக்காவே செய்தது. சூசையப்பர் சுரூபத்தின் கையில் எப்போதும் ஒரு கோல் இருக்கும் அல்லவா, அதை எடுத்துவிட்டு பஸ் கம்பியைப் பொருத்தியிருந்தார். இன்னொரு கையில் டிக்கெட்.

"சூசையப்பருக்கு மட்டும் எதுக்கும்மா டிக்கெட்?" என்று பங்குத்தந்தை கேட்டார்.

"ஆம்பளைங்களுக்கு ஃப்ரீ இல்லையே ஃபாதர்" என்றார் அக்கா. கோவில் வாசல் வரை சிரிப்பு கேட்டது. அந்தக் கண்டக்டர் தன் குடும்பத்தோடு வந்து குடிலின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் அதற்குப் பின் வருடந்தோறும் வந்தார்.

இன்னும் மூன்று குடில்கள் வைத்தார். பிறகு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை நாங்கள் ஒளிக்கப் பார்த்தோம். அவர் பிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "படம் சுத்தமா விழுந்திருக்கு. யாரு எடுத்தது?" என்று கேட்டு, அந்தப் பெண்ணை வரவழைத்து, "நல்லா எடுத்திருக்கம்மா" என்று பாராட்டினார். அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

கடைசி மூன்று மாதம் வீட்டில்தான் இருந்தார். பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று தொடங்குவார்கள். "அப்படியேதான் இருக்கேன். நீங்க வர்ற வழியில என்ன பாத்தீங்க? அதைச் சொல்லுங்க" என்பார். முதல் தடவை எல்லோரும் விழித்தார்கள். ஒன்றும் பார்க்கவில்லையே என்றார்கள். அடுத்த தடவை வரும்போது ஏதாவது கொண்டு வந்தார்கள். பால்காரர், கன்றுக்குட்டி அவருடைய செல்போனை நக்கி யாருக்கோ அழைப்புப் போன கதையைச் சொன்னார். அத்தானும் கடைக்குப் போய் வந்தால், ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். சவரிமுத்து அண்ணன் தினம் மாலை ஐந்து மணிக்கு வந்து, வரப்பில் பார்த்ததையெல்லாம் ஒப்பிப்பார். நோயாளி இருக்கும் வீடு மாதிரி இல்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆனி பிறந்து மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த அன்று, சவரிமுத்து அண்ணன் மூச்சு வாங்க வந்தார்.

"தண்ணி வந்துருச்சும்மா!"

அக்காவால் அப்போது அதிகம் பேச முடியவில்லை. "முன்னாடி என்ன மெதந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நொரை, சருகு, அப்புறம் ஒரு செருப்பு. ஒத்தைச் செருப்பு. அது மேல ஒரு தவளை உக்காந்து வந்துச்சு, பெரிய மனுஷன் கார்ல வர்ற மாதிரி."

அக்கா சிரித்தார். வலியையும் மீறிச் சத்தமாகவே சிரித்தார். மறுநாள் காலை, நற்கருணை வாங்கிய சற்று நேரத்தில், அத்தானும் ரீட்டாவும் நானும் அருகில் இருக்க, அமைதியாக இறைவனிடம் சென்றார்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எக்ஸ்ரே பிரிவின் தோழியருக்கும், தினமும் நற்கருணை கொண்டு வந்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்தின்போது அலைந்து திரிந்து எல்லாம் செய்த ஊராருக்கும், தூரம் பார்க்காமல் வந்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த மூன்று மாதமும் வெறுங்கையோடு வராமல், கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றைச் சுமந்து வந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்து சொன்ன ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி. மருந்து செய்யாததை நீங்கள் செய்தீர்கள்.

நினைவுத் திருப்பலிக்குப் பின் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அவசியம் வாருங்கள். அத்தான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். துக்கம் விசாரிக்க வேண்டாம். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அத்தான் இப்போது நன்றாகக் காதுகொடுத்துக் கேட்கிறார்.

அன்புத் தம்பி,
அருள்